முப்புரம் எரித்த கதை: நடந்ததா, நமக்குள் நடப்பதா?

கெடிலக்கரையான்

அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே

திருமந்திரம், 'பதிவலியில் வீரட்டம் எட்டு' என்ற பகுதி. பத்தாம் திருமுறையாகச் சைவர்கள் கும்பிடும் நூலுக்குள் இருந்துகொண்டே திருமூலர், சிவன் மூன்று கோட்டைகளை எரித்தான் என்று சொல்பவர்களை மூடர்கள் என்கிறார். ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டும் மும்மலங்களின் வேலைதான் முப்புரம். அது அழிந்த விதத்தை யார் அறிவார் என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்.

எனக்கு இதில் ஊர்ப் பாசமும் கலந்திருக்கிறது. சிவன் வீரம் காட்டிய எட்டு ஊர்களை வீரட்டம் என்பார்கள்; அதில் முப்புரம் எரித்த வீரட்டம் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் திருவதிகை. சூலைநோயோடு வந்த அப்பர் 'கூற்றாயினவாறு விலக்ககலீர்' பாடிய கோயில். தேவாரம் முழுக்கத் திரிபுரம் எரித்தவன் என்ற பேச்சு ஓயாது. கதை தேவாரத்துக்கும் முந்தியது. புறநானூற்றின் 55ஆம் பாட்டில், மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூவெயிலை அழித்த கறைமிடற்று அண்ணல் வருகிறார். அவருடைய நெற்றிக்கண்ணைப் போல மற்ற வேந்தர்களுக்கு மேலாக விளங்குகிறாய் என்று பாண்டியன் நன்மாறனைப் புகழப் புலவருக்கு அந்தக் கதை பயன்படுகிறது. தத்துவம் எதுவும் அங்கே இல்லை.

ஆக ஒரே கதையைச் சங்கப் புலவர் உவமைக்கு எடுத்துக்கொண்டார்; அப்பர் கண்முன்னே நடந்ததாகப் பாடினார்; திருமூலர் நமக்குள் கொண்டுவந்து வைத்தார். என் கேள்வி இதுதான்: இப்படித் தத்துவமாகப் படிப்பது கதையை ஆழமாக்குகிறதா, சங்கடமான கேள்விகளிலிருந்து தப்பிக்க வழி செய்து கொடுக்கிறதா? எல்லாக் கதைகளுக்கும் இது செல்லுமா? யாரும் வரலாம். சண்டை நூலோடு இருக்கட்டும், ஆளோடு வேண்டாம்.

சித்தாந்த மாணவன்

நல்ல இழை ஐயா. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருமூலர் கதையை மறுக்கவில்லை. கதையோடு நின்றுவிடுகிறவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். அதே பகுதியில் காலனை உதைத்ததை மூச்சை மேலேற்றும் யோகமாகச் சொல்கிறவர், 'ஞாலக் கடவூர் நலமாய் இருந்ததே' என்று ஊர்ப்பெயரோடுதான் முடிக்கிறார். காமனை அழித்த இடத்திலும் கொறுக்கை என்ற ஊர் நிற்கிறது. ஊரையும் விடவில்லை, உட்பொருளையும் விடவில்லை.

இந்தப் படிப்பு இன்னும் துலக்கமாகத் தெரிவது சூரசம்ஹாரத்தில். திருச்செந்தூரில் ஐப்பசி வளர்பிறைச் சஷ்டியன்று மாலை கடற்கரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூரனின் உருவத்துக்கு முதலில் யானைத் தலை வைத்திருப்பார்கள். அது சுவாமியைச் சுற்றி வந்து எதிரே நிற்கும், வேல் வந்து தொட்டுத் திரும்பும், தலையைக் கழற்றுவார்கள். அடுத்துச் சிங்கத் தலை, பிறகு சூரனின் சொந்தத் தலை, கடைசியில் மாமரம். யானைமுகத் தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம். கூட்டம் 'அரோகரா' என்கிறது. கதை கேட்க வந்த குழந்தைக்கும் சித்தாந்தம் படித்தவருக்கும் ஒரே காட்சிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாரகனும் சிங்கமுகனும் மாண்டுபோகிறார்கள். சூரனை மட்டும் முருகன் கொல்வதில்லை. மாமரம் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலுமாகி, ஒன்று வாகனம், ஒன்று கொடி. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் செம்பில் களிம்பைப் போல அநாதியாக உயிரோடு ஒட்டியது. முத்தியிலும் அது இல்லாமல் போகாது, அதன் சக்திதான் மடங்கும். தத்துவத்தில் ஆணவத்துக்கு என்ன கதியோ அதே கதிதான் கதையில் சூரனுக்கும். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாற்றுப்பார்வை

அழகாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் உதைக்கிறது.

கந்தபுராணத்தில் இந்த மூவரைப் பெற்ற தாயின் பெயரே மாயை. தாயும் மாயை, தம்பி தாரகனும் மாயையா? சிங்கமுகன் என்ன செய்தான்? தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொன்னான். கேட்காதபோது அண்ணனுக்காகப் போய்ச் செத்தான். இப்படி ஒரு மனிதனைக் 'கன்மம்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் போதுமா? கதையில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு பொருந்தாததைப் பாயின் கீழ் தள்ளுகிறீர்கள்.

என் உண்மையான மனக்குறை வேறு. 1925-இல் சுயமரியாதை இயக்கம் கிளம்பியபோது பெரியார் செய்தது ஒன்றுதான்: புராணத்தில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே எடுத்து வாசித்தார். கடவுள் பொய் சொல்கிறார், வஞ்சிக்கிறார், அடுத்தவன் மனைவியைத் தேடிப் போகிறார், இதுதானே உங்கள் நூலில் இருக்கிறது என்று கேட்டார். அதற்கு நேரான பதில் கிடைக்காதபோது வந்ததுதான் 'உட்பொருள்'. மேடையில் மாட்டிக்கொண்டால் உருவகம், கோயிலில் உண்டியல் வைக்கும்போது வரலாறு. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

கெடிலக்கரையான்

மாற்றுப்பார்வை நண்பரே, மேடைப் பேச்சாளர்களைப் பற்றி நீங்கள் சொல்வது பல இடங்களில் உண்மை. கால வரிசை மட்டும் இடிக்கிறது. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையிலேயே திருமூலருக்கு அடியேன் என்கிறார். திருமந்திரப் பாடல்களின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். எவ்வளவு கீழே இறக்கினாலும் 1925-க்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அப்போது சிவனைக் கேள்வி கேட்டு எந்த மேடையும் அவரை மாட்டவைக்கவில்லை.

இன்னொரு கேள்வி. சுரர் என்றால் ஆரியர், அசுரர் என்றால் திராவிடர் என்று உங்கள் பக்கத்தில் படித்தார்களே, அது எழுதியிருக்கிறபடியே படித்ததா?

மாற்றுப்பார்வை

அது கதைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தேடுவது. உருவகம் வேறு.

சித்தாந்த மாணவன்

யானைமுகன் ஒருவனைக் காட்டி, இவன் உண்மையில் யானைமுகன் இல்லை, வேறு ஒன்றைக் குறிக்கிறான் என்று நாங்கள் சொன்னால் உருவகம். நீங்கள் சொன்னால் வரலாறு. நல்ல ஏற்பாடு.

மாயையைப் பற்றி: சித்தாந்தத்தில் சுத்த மாயை, அசுத்த மாயை என்ற பிரிவு இருக்கிறது, பெற்றவளும் பிறந்தவனும் ஒரே பெயரில் வருவதற்கு இடமுண்டு. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் தாய்க்கு அந்தப் பெயரைச் சும்மா வைத்திருப்பாரா? கதையின் வாசலிலேயே விளக்கை ஏற்றி வைத்திருக்கிறார்.

வடமராட்சியாள்

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம். இங்கே கந்தபுராணத்தைத் தனியே இருந்து வாசிக்கிறவர்கள் குறைவு. கோயிலில் இருவர் சேர்ந்து படிப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். திருவெம்பாவை நாட்களில் திருவாதவூரடிகள் புராணமும் இதே முறையில்தான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று சொன்னது இந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

பயன் சொல்கிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த ஆயுதம் எதை வெட்டியது, எல்லாம் வரிசையாக. அதைச் சொல்லாமல் நேரே ஆணவத்துக்கும் கன்மத்துக்கும் பாய்ந்தால் பின்னால் தூணில் சாய்ந்திருக்கும் கிழவர்கள் செருமத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பாட்டே மனப்பாடம்.

சூரன் ஆணவம் என்பதை நாங்கள் சிறுவயதில் இருந்தே கேட்டு வளர்ந்தோம். அதற்குமேல் ஓர் இடம் இருக்கிறது. போரின் நடுவில் முருகன் பேருருவம் காட்டுகிறான். சூரன் பார்த்து உருகுகிறான்:

கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலன் என்று இருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்திலேன் யான்

இவன்தான் எல்லோருக்கும் மூலகாரணமான மூர்த்தி என்று வாயாரச் சொல்கிறான். கும்பிடவும் மனம் வருகிறது. பிறகு முருகன் அந்த வடிவத்தை எடுத்துவிடுகிறான். எடுத்த உடனே பழைய கோபம் திரும்புகிறது. இருளாக உருமாறி மறுபடியும் போருக்கு வருகிறான். சூரன் போர் நாட்களில் இந்தப் பாட்டுக்கு எங்கள் ஊரில் பயன் சொன்ன ஒரு பெரியவர், தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. "கோயிலுக்குள் நிற்கும்வரைக்கும் எல்லாருக்கும் விளங்கும். செருப்பைப் போடும்போது மறந்துவிடும்" என்றார். சனம் சிரித்தது. சிலர் சிரிக்கவில்லை.

மாற்றுப்பார்வை அண்ணா சொன்ன சீட்டு ஒட்டும் குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். 'சூரன் = ஆணவம்' என்று எழுதி மூடிவிட்டால் இந்த இடம் வீணாய்ப் போய்விடும். ஆணவத்துக்கு மனம் உருகுமா? சூரனுக்கு உருகியது. உட்பொருளை அவனுக்குள்ளே தேட வேண்டும், அவனைத் தள்ளிவிட்டுத் தேடினால் கிடைப்பது அட்டவணை.

இடும்பன் காவடி

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்களே. தசாவதாரம் என்றால் பரிணாமக் கொள்கை, புஷ்பக விமானம் என்றால் போயிங், திருநள்ளாற்றுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் நின்றுவிடும் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள். இவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

கெடிலக்கரையான்

இவர்கள் சொல்லுக்குச் சொல் நம்புகிறவர்களில் சேர்த்தி, ஆய்வகக் கோட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். திருமூலருக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செயற்கைக்கோள் கதைக்கு எந்த ஆதாரமும் கிடையாது என்று பலர் எழுதியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் புதிதாகப் பிறந்து வருகிறது.

வேதக்கோயில் தெரு

நான் கிறிஸ்தவன், திருநெல்வேலிப் பக்கம். இந்தச் சண்டை எங்கள் வீட்டிலும் பழையது.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரிஜென் என்ற சபை ஆசிரியர், கடவுள் ஒரு குடியானவரைப் போலக் கிழக்கே ஏதேனில் தோட்டம் போட்டார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அறிவில்லாதவர் யார் என்று கேட்டார். சூரியனைப் படைக்கும் முன்பே எப்படி நாள் என்று ஒன்று இருந்தது என்றும் கேட்டார். அகுஸ்தினாரும் ஆறு நாள் படைப்பை நம் நாள்காட்டியின் ஆறு நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. டார்வினுக்கு எத்தனை நூற்றாண்டு முன்பு! ஆகவே அறிவியலுக்குப் பயந்து உருவகத்துக்குள் ஓடினார்கள் என்று சொல்வது எங்கள் பக்கத்திலும் முழு உண்மை ஆகாது. ஒரிஜெனின் வேறு சில கருத்துகளைச் சபை பின்னாளில் கண்டித்தது, அது தனிக் கதை.

ஆனால் எங்களிடம் ஒரு கோடு இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." உயிர்த்தெழுதலை வெறும் மனமாற்றத்தின் உருவகம் என்று சொன்னால் நூலே ஒத்துக்கொள்ளாது. யோனாவை மீன் விழுங்கியதை எப்படி வேண்டுமானாலும் படி, இங்கே மட்டும் நில் என்கிறது. கெட்ட குமாரன் உவமையில் அந்தக் குமாரன் எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்பதில்லை. சைவத்தில் அப்படி ஏதாவது கோடு உண்டா? சித்தாந்த மாணவன் ஐயாதான் சொல்ல வேண்டும்.

சித்தாந்த மாணவன்

உண்டு, ஆனால் ஒரு நிகழ்ச்சியின்மேல் போட்ட கோடு கிடையாது. முப்புரம் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எரிந்ததா என்பதில் சைவம் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை. திருவருள் உயிருக்கு உண்மையாகவே வந்து உதவுகிறது என்பதில் நிற்கிறது. அருளும் உருவகம்தான் என்று சொன்னால் அதோடு கடை மூட வேண்டியதுதான்.

ஆதனூர்ப் பக்கம்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அசுரர் கதைகளையே எடுக்கிறீர்கள். அசுரனுக்குப் பேரன் பேத்தி யாரும் இங்கே வந்து கேள்வி கேட்கப்போவதில்லை என்ற தைரியம். நந்தனாரை எடுங்கள்.

சேக்கிழார் சொல்கிற கதை உங்களுக்குத் தெரியும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். திருப்புன்கூரில் நந்தி விலகியது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் போனார். ஊருக்குள் நுழையாமல் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கனவில் இறைவன் சொல்கிறான்:

இப்பிறவி போய்நீங்க எரியினிடை நீமூழ்கி
முப்புரிநூல் மார்பருடன் முன்னணைவாய்

தில்லைவாழ் அந்தணருக்கும் நெருப்பு மூட்டச் சொல்லி உத்தரவு போகிறது. மூட்டுகிறார்கள். மூழ்குகிறார். பூணூலோடும் சடையோடும் முனிவராக வெளியே வருகிறார். உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிடுகிறார்.

எத்தனையோ சொற்பொழிவில் கேட்டிருக்கிறேன்: 'அது ஞானாக்கினி ஐயா, தேகாபிமானம் எரிந்தது, ஆன்மா சுத்தமானது.' கேட்கும்போது என் காது எரியும். அந்தப் பாட்டில் 'இப்பிறவி போய்நீங்க' என்று இருக்கிறது. எந்தப் பிறவி? ஆணவத்தோடு பிறந்த பிறவி என்றால் அது தில்லைவாழ் அந்தணருக்கும் உண்டு, அவர்களை ஏன் மூழ்கச் சொல்லவில்லை? நெருப்பு மூட்டியவர் ஒருவர், மூழ்கியவர் ஒருவர். ஞானம் என்றால் மூட்டியவருக்கும் கொஞ்சம் சுட வேண்டாமா?

கதை வளர்ந்த வழியைப் பாருங்கள். சுந்தரர் பெயரைச் சொல்லி வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். நம்பியாண்டார் நம்பி, புன்புலை போய் 'மூவாயிரவர் கைகூப்ப முனியாயவன்' என்கிறார்; மூவாயிரவர் என்றால் தில்லைவாழ் அந்தணர். தீ என்ற சொல்லே அந்தப் பாட்டில் கிடையாது. சேக்கிழாரில் தீ வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரம் பாடும்போது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் பண்ணையார் வந்து சேர்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னர் என்றே எழுதினார். ஒவ்வொருவரும் எங்கோ ஒரு கை வைத்திருக்கிறார்கள். இதில் தீயைக் கொண்டுவந்த கைக்கு என்ன காரணம் என்று கேட்க விடாமல் 'ஞானாக்கினி' என்ற ஒற்றைச் சொல் கதவைச் சாத்திவிடுகிறது.

1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவருக்கு நந்தனார் இரத்தமும் சதையுமான ஒரு மனிதர். உருவகத்தின் பெயரில் பள்ளிக்கூடம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது.

மாற்றுப்பார்வை

இதற்குமேல் நான் எதுவும் சேர்க்க வேண்டாம்.

சித்தாந்த மாணவன்

ஆதனூர்ப் பக்கம் ஐயா, உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஞானாக்கினி என்று சொல்வதை நான் முழுக்கக் கைவிடத் தயாராக இல்லை. காரணம், சேக்கிழார் நந்தனாரைத் தாழ்த்திப் பாடவில்லை. நாயன்மார் வரிசையில் வைத்து, மூவாயிரவரும் தொழும்படிச் செய்கிறார். அவர் காலத்தில் அதுவே சின்ன வேலை இல்லை. அதே பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலுக்குள் போகிறார். அவருக்குத் தீ இல்லை, இறைவன் அவர் உட்காரப் பொற்பலகை போடச் சொல்கிறான். ஆகவே தீ மூழ்கித்தான் உள்ளே வர வேண்டும் என்பது சேக்கிழாரின் பொதுக் கொள்கை கிடையாது.

ஆதனூர்ப் பக்கம்

நீங்கள் எடுத்துக் கொடுத்த சான்று என் பக்கம்தான் பேசுகிறது. பலகை போட்டு வரவேற்கும் வழி சேக்கிழாருக்குத் தெரியும். இறைவனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இங்கே தீ. பாணருக்குப் பலகை, புலையருக்கு நெருப்பு. இந்த வேறுபாட்டுக்கு உங்கள் உருவகத்தில் என்ன பொருள்?

வடமராட்சியாள்

இந்த இடத்துக்குப் பயன் சொல்லச் சொன்னால் நான் கதையை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். அடுத்த பாட்டுக்குப் போகச் சொல்லி வாசிக்கிறவரைப் பார்க்கவும் மாட்டேன்.

கெடிலக்கரையான்

இரண்டு படிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முப்புரம் மும்மலம் என்று திருமூலர் சொன்னால் கூண்டில் ஏற்றப்படுவது வாசிக்கிற நான். எங்கேயோ மூன்று அசுரர்கள் எரிந்தார்கள் என்று நிம்மதியாக இருந்தவனிடம், கோட்டை உன்னிடம்தான் இருக்கிறது, எப்போது எரிக்கப்போகிறாய் என்று கேட்கிறது அந்தப் பாட்டு. வடமராட்சி அக்கா சொன்ன செருப்புப் பேச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. நந்தனாரின் தீயை ஞானம் என்று சொல்லும்போது நடப்பது நேர்மாறு. கேட்கிறவன் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறான், அவன் மேல் ஒரு பொறியும் விழவில்லை. கதையில் எரிந்த ஒருவரின் வலியும் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறது. உருவகம் என்ற ஒரே கருவி ஒரு கையில் என்னைக் குத்துகிறது, இன்னொரு கையில் என்னைத் தப்பவிடுகிறது. நான் முதல் கையைத்தான் நம்புவேன்.

காந்தியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கீதையை முதன்முதலாகப் படித்த 1888-89இலேயே அது வரலாற்று நூல் ஆகாது, மனித மனத்துக்குள் நடக்கும் போரைத்தான் சொல்கிறது என்று தமக்குத் தோன்றியதாக எழுதியிருக்கிறார். குருக்ஷேத்திரத்தை உள்ளே கொண்டுபோனதால்தான் போர்க்களத்து நூலிலிருந்து அவரால் அகிம்சையை எடுக்க முடிந்தது. அதே கீதையில் திலகர் செயலுக்கான அழைப்பைக் கண்டார். காந்தியின் படிப்பு பொருந்துகிறதா என்று பண்டிதர்கள் வாதாடலாம்; அந்தப் படிப்பு அவரைச் சும்மா உட்கார விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

மாற்றுப்பார்வை

அளவுகோல் சரி. ஆனால் யார் கையில் அளவுகோல் இருக்கிறது? சொற்பொழிவாளர் தம்மை எப்போதும் முதல் கை என்றுதான் சொல்லிக்கொள்வார்.

கும்பகோணத்துச் சுந்தரி

ஆண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே இருக்கிறீர்கள். திருக்கடவூருக்கு வந்து பாருங்கள்.

காலனை உதைத்த வீரட்டம். திருமூலர் அதை மூச்சை மேலேற்றும் யோகமாகச் சொன்னாராம், மேலே எழுதியிருக்கிறீர்கள். அங்கே எந்த நாள் போனாலும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் கலசங்கள், ஹோமப் புகை, பட்டுப் புடைவையில் வெட்கப்படும் பாட்டிகள், தாத்தாவுக்கு மாலை போட்டு செல்பி எடுக்கும் பேரன்கள். மண்டபத்தில் இடம் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இவர்களில் ஒருவரை நிறுத்தி, மார்க்கண்டேயருக்கு என்றும் பதினாறு என்பது நடந்ததா, உருவகமா என்று கேட்டால், "முதலில் வழிவிடு, அபிஷேகத்துக்கு நேரமாகிறது" என்பார்.

என் மாமாவுக்கு இருதயத்தில் அடைப்பு என்று மருத்துவர் சொன்னபோது மாமி கடவூருக்கு வேண்டிக்கொண்டார். மாமி படித்தவர், கணித ஆசிரியை. சிவலிங்கத்திலிருந்து ஒருவர் நிஜமாகவே கால் நீட்டி எமனை உதைத்தார் என்று நம்புகிறீர்களா என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "உதைத்தாரோ இல்லையோ, உதைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு ஓர் இடம் வேண்டும்" என்றார். மாமா ஆஞ்சியோவும் செய்துகொண்டார், எண்பதாம் கல்யாணமும் செய்துகொண்டார்.

கதை என்பது பெரும்பாலோருக்கு விண்ணப்பம் போடும் இடம். உண்மையா, உருவகமா என்று கேட்கிறவர்கள் விண்ணப்பம் போட வேண்டிய அவசரம் இல்லாதவர்கள்.

வேதக்கோயில் தெரு

வேளாங்கண்ணியிலும் இதேதான் சுந்தரி அக்கா. வெள்ளியில் கை, கால், கண் செய்து காணிக்கை வைக்கிறவர்களிடம் ஒரிஜெனைப் பற்றிப் பேச முடியாது.

ஆதனூர்ப் பக்கம்

விண்ணப்பம் போட வாசல் வரைக்கும் விட்டால்தானே அக்கா? நாளைப் போவேன் என்றவருக்கும் அவசரம் இருந்தது.

கும்பகோணத்துச் சுந்தரி

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி.

இடும்பன் காவடி

நடுவில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போகிறேன். மாணிக்கவாசகர், திருவுந்தியார்:

ஈரம்பு கண்டிலம் ஏகம்பர் தங்கையில்
ஓரம்பே முப்புரம் உந்தீபற
ஒன்றும் பெருமிகை உந்தீபற

பெண்கள் விளையாடிக்கொண்டே பாடுகிற பாட்டு. இரண்டு அம்பைக் காணோம், ஒன்றுதான் இருந்தது, அந்த ஒன்றே அதிகம் என்று கேலி. இன்னொரு பாட்டில் தேவர்கள் தச்சு வேலை செய்து கொடுத்த தேரில் சுவாமி கால் வைத்ததும் அச்சு முறிந்துவிடுகிறது! இவர் நம்பினாரா, உருவகமாகப் பார்த்தாரா? எனக்கு இரண்டும் தோன்றவில்லை. மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார். இந்த இழையில் யாருமே அப்படி இல்லை.

சித்தாந்த மாணவன்

'ஒன்றும் பெருமிகை' என்பதற்கு, அழிக்க நினைத்தாலே போதும், அம்பே தேவையில்லை என்று பொருள் சொல்வார்கள். மலம் நீங்குவதற்கு அவன் சங்கற்பமே...

இடும்பன் காவடி

வந்துவிட்டார்.

மாற்றுப்பார்வை

சிரித்து முடித்தாயிற்று என்றால் ஒரு கேள்வி. பெரியபுராணம் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்கிறது. சமண நூல்களில் இப்படி ஒரு பேரழிவு பேசப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, நடந்திருக்காது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடக்காத கொலையைப் பெருமையாகப் பாடி வைத்திருப்பதை எப்படிப் படிப்பது? இதற்கும் உட்பொருள் உண்டு என்று ஒருவர் என்னிடம் சொன்னார்: எண்ணாயிரம் தீய எண்ணங்களாம்.

கெடிலக்கரையான்

அந்த 'எண்ணாயிரம் எண்ணங்கள்' எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. இது இங்கே இரண்டு வரியில் முடியாது. சம்பந்தர் பதிகங்கள், சேக்கிழார் அதைச் சொல்லும் விதம், கல்வெட்டு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தனி இழையாகத் தொடங்குங்கள். முதல் பதிவை நீங்களே எழுதுங்கள். ஆதனூர்ப் பக்கம் ஐயாவும் வரட்டும். சித்தாந்த மாணவன் சேக்கிழார் பாடல்களை முழுதாக எடுத்துப் போட்டால் நல்லது, துண்டு துண்டாக வேண்டாம்.

சித்தாந்த மாணவன்

போடுகிறேன். உரையோடு வேண்டுமா, மூலம் மட்டும் போதுமா?

ஆதனூர்ப் பக்கம்

மூலம் மட்டும்.